இடைசெவலின் இரண்டு குரல்கள்

புதிதாக எழுத வருகிறவர்களிடம் மூத்தவர்கள் தயங்காமல் சொல்லும் ஓர் அறிவுரை உண்டு: உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுங்கள், உங்கள் குரல் தானாக அமைந்துவிடும். இதைப் பயிற்சிப் பட்டறைகளில் கேட்கலாம், நேர்காணல்களில் கேட்கலாம், புத்தக வெளியீட்டு மேடைகளில் கட்டாயம் கேட்கலாம். இதை நம்பி எழுதப்பட்ட கதைகளில் பலவற்றை ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் யார் எழுதியது என்று சொல்ல முடியாது. ஊர் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. சொந்தக் குரல் மண்ணிலிருந்து வருகிறதா, வேறெங்கிருந்தாவது வருகிறதா என்று சோதித்துப் பார்க்க இடைசெவலைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்த ஊர். கரிசல் காடு, பருத்தியும் கம்பும் சோளமும் விளைகிற புஞ்சை, மழையை நம்பிய சம்சாரிகள். அங்கே பிறந்து, அங்கேயே ஒன்றாகத் திரிந்து வளர்ந்த இரண்டு நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி 1923இல் பிறந்தவர், கி.ரா.வுக்கும் ஏறத்தாழ அதே வயது. இருவர் வீட்டிலும் பேச்சு தெலுங்கு. இருவருக்கும் கர்நாடக சங்கீதப் பைத்தியம் உண்டு; விளாத்திகுளம் சாமிகளின் பாட்டுக்கு மயங்கியவர்கள். இருவருக்கும் இடதுசாரி அரசியலில் நாட்டம் இருந்தது. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்திற்கும் இருவரும் போய்வந்தார்கள். பின்னாளில் இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. குரலைக் கொடுப்பது மண்தான் என்றால் இந்த இருவரும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும். ஆனால் தமிழ்ச் சிறுகதையில் இவர்கள் அளவுக்கு விலகி நிற்கிற இருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வாழ்க்கை பிரிந்த விதத்தை முதலில் சொல்லிவிடலாம். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்தார், சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார், அது பிடிக்காமல் 1940களிலேயே பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போய்விட்டார். பிரசண்ட விகடன், சக்தி, பிறகு 1950களில் சில ஆண்டுகள் கோலாலம்பூரில் தமிழ் நேசன், திரும்பி வந்து நவசக்தி. 1970 ஜூலையில், 46 வயதில் இறந்துபோனார். கி.ரா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். இளமையில் காசநோயோடு போராடினார், விவசாயம் பார்த்தார், விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்கும் போனார். நண்பர் பெயர் வாங்கிய எழுத்தாளராகிப் பல ஆண்டுகள் கழித்து, 1950களின் இறுதியில்தான் இவருடைய கதைகள் அச்சேறத் தொடங்கின. 1980களின் இறுதியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திற்கு நாட்டுப்புறவியல் பேராசிரியராகப் போகும்வரை ஊரை விட்டுப் பெயரவில்லை. 2021 மே மாதம் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார்.

ஆக, ஒருவர் ஊரை விட்டுப் போய் ஊரைப் பற்றி எழுதினார். மற்றவர் ஊரில் இருந்துகொண்டே எழுதினார். வித்தியாசம் இவ்வளவுதான் என்று முடித்துவிடத் தோன்றும். கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அப்படி எளிதாக முடிவதில்லை.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, கி.ரா.வின் ‘கதவு’ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே குழந்தைகள் விளையாட்டில் தொடங்குகின்றன. அழகிரிசாமியின் கதையில், யாரிடம் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. பணக்கார வீட்டுப் பையன் ராமசாமி ஒரு பக்கம், ஏழை வீட்டுப் பிள்ளைகளான மங்கம்மாளும் அவள் அண்ணன் தம்பிகளும் இன்னொரு பக்கம். கி.ரா.வின் கதையில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு அதையே பஸ்ஸாக்கி ஓட்டுகிறார்கள். டிக்கெட் கொடுக்கிறார்கள், ஊர் பேர் சொல்லி நிறுத்துகிறார்கள். இரண்டு வீட்டிலும் வறுமை. இரண்டு வீட்டிலும் அந்த வறுமை பிள்ளைகளுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது.

‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். தகப்பன் மணிமுத்தாறுக்கு வேலைக்குப் போனவன், வரவில்லை. கதவில்லாத வீட்டுக்குள் குளிர் நுழைகிறது, கைக்குழந்தை சாகிறது. கடைசியில் பிள்ளைகள் எங்கேயோ கரையான் ஏறிக் கிடக்கும் தங்கள் கதவைக் கண்டுபிடித்து அதைக் கட்டிக்கொள்கிறார்கள். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளிக்கு முந்தின நாள், உடம்பெல்லாம் சிரங்கோடு, அநாதையாய் ஒரு பையன் அந்த ஏழை வீட்டுக்கு வந்து சேர்கிறான். பேர் ராஜா. தாய் தாயம்மாள் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டுகிறாள். தீபாவளிக்குப் புதுத் துணி அவனுக்கும் வேண்டுமே. புருஷனுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை அவனுக்குக் கட்டிவிடுகிறாள். ராமசாமி வீட்டுக்கும் தீபாவளிக்கு ஒரு ராஜா வந்திருக்கிறார். அவர் அவன் அக்காவைக் கட்டிய ஜமீன்தார். அவன் அந்தப் பெருமையைச் சொல்ல, எங்கள் வீட்டுக்கும்தான் வந்திருக்கிறான் என்கிற பொருளில் மங்கம்மாள் பதில் சொல்கிறாள். போட்டியில் அவள் தரப்பு ஜெயித்துவிட்டது என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே நம்புகிறது. நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

மொழியை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு கதைகளும் உடன்பிறந்தவை போல இருக்கும். ‘கதவு’ எழுதிய காலத்தில் கி.ரா. என்கிற கதைசொல்லி இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. விவரிப்பு பெரும்பாலும் பொதுத்தமிழ்; ஊர்ப்பேச்சு பாத்திரங்களின் வாயில்தான் வருகிறது. அந்த நாளைய முற்போக்குப் பத்திரிகைக் கதையின் கட்டமைப்பும் தெரிகிறது: அரசாங்கம், வரி, ஏழைக் குடும்பம், இழப்பு. பிறவியிலேயே கரிசல் குரலோடு எழுத வந்தவர் கி.ரா. என்கிற நம்பிக்கையை இந்தக் கதை கொஞ்சம் ஆட்டிவைக்கிறது. அவரும் தேடித்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

ஆனால் உள்ளே ஒரு வேறுபாடு அப்போதே இருக்கிறது. கி.ரா.வின் கண் பொருளின் மேல் உட்காருகிறது. கதவு பஸ்ஸாகிறது, கதவு பறிபோகிறது, கதவு கிடைக்கிறது; மனிதர்களின் துக்கம் முழுக்க அந்த மரச்சாமானின் வழியாக நடக்கிறது. அழகிரிசாமியின் கண் மனிதர்களுக்கு நடுவே நிகழும் சின்னச் செய்கையின் மேல் உட்காருகிறது. துண்டு முக்கியமில்லை. அதை எடுத்துக் கொடுக்குமுன் அந்தத் தாய் எடுத்துக்கொள்ளும் யோசனையும், கொடுத்த பிறகு அவள் அதைப் பெரிதாக நினைக்காமல் இருப்பதும்தான் முக்கியம்.

கி.ரா.வின் குரல் முழுசாகத் திறந்துகொண்ட கதைக்கு ‘நாற்காலி’யைச் சொல்வேன். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அதிகாரி முக்காலியில் உட்காரப் போய் விழுந்துவிடுகிறார். அதனால் வீட்டுக்கு ஒரு நாற்காலி செய்தாக வேண்டும் என்று முடிவாகிறது. என்ன மரம், எத்தனை உயரம், யார் செய்வது என்று குடும்பமே கூடி விவாதம். நாற்காலி வந்ததும் பிள்ளைகளுக்குள் யார் உட்காருவது என்று அடிதடி. பெரியவர்களும் வந்து தடவிப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு ராத்திரி கதவு தட்டப்படுகிறது. ஊரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், பிரேதத்தை உட்காரவைக்க நாற்காலி வேண்டும். கொடுக்காமல் இருக்க முடியாது. திரும்பி வந்த நாற்காலியைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், உட்காரத்தான் ஆளில்லை. அடுத்த சாவுக்கு ஆள் வந்தபோது, மாமா வீட்டிலும் ஒரு நாற்காலி இருக்கிறதே, அங்கே போய்க் கேளுங்கள் என்று நைசாகக் கைகாட்டி விடுகிறார்கள்.

இதை நான் இப்படிச் சுருக்கிச் சொன்னதில் கதை தப்பிவிட்டது. காரணம், இந்தக் கதையின் சாரம் நடந்ததில் இல்லை, சொல்கிற இழுப்பில் இருக்கிறது. கி.ரா. எதிரே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு சொல்கிறார். நடுவில் வேறு பேச்சுக்குப் போகிறார், திரும்பி வருகிறார், சம்பந்தமில்லாத ஓர் ஆளின் குணவிசேஷத்தைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார், சாவைப் பற்றிய பயத்தை அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஒளித்து வைக்கிறார். வட்டாரப் பேச்சு அவருக்கு முன்பும் கதையில் இருந்தது. கொங்கு மண்ணின் பேச்சோடு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942லேயே வந்துவிட்டது. புதுமைப்பித்தனின் பாத்திரங்கள் நெல்லைத் தமிழில் பேசினார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் வட்டாரப் பேச்சை மேற்கோள் குறிகளுக்குள் வைத்தார்கள். கதை சொல்கிற ஆள் குறிக்கு வெளியே, சுத்தமான தமிழில் நின்றுகொண்டிருந்தார். கி.ரா. அந்த ஆளையே கரிசல்காரராக்கினார். ‘கிடை’, 1976இல் ‘கோபல்ல கிராமம்’, ‘பிஞ்சுகள்’ என்று போகப்போக, குறிகளுக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் இடையில் வரப்பே இல்லாமல் போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை யாரும் போதிய அளவுக்குச் சொல்வதில்லை. கோபல்ல கிராமத்து ஜனங்கள் ஆந்திர தேசத்திலிருந்து பெயர்ந்து வந்த தெலுங்குக் குடும்பங்கள். மங்கத்தாயாரு அம்மாள் பேரன் பேத்திகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு பழைய கதை சொல்லும்போது, நடப்பில் அந்த வாயிலிருந்து தெலுங்குதான் வந்திருக்கும். நாம் படிப்பதோ கரிசல் தமிழ். மக்கள் பேசுகிறபடியே எழுதினார் என்று நாம் எவரைக் கொண்டாடுகிறோமோ, அவர் எழுதிய மிகப் பெரிய புத்தகத்தில் மக்கள் பேசியபடி எழுதவில்லை. ஒரு மொழியில் நடந்ததை இன்னொரு மொழியின் பேச்சு லயத்தில் கட்டி எழுப்பியிருக்கிறார். அதுவும் எப்படி? ஒரு கணம்கூட நமக்கு அந்த நினைப்பு வராதபடி. குளத்தங்கரையில் திருடன் அந்தப் பெண்ணைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்லும்போது, அவள் அவன் கால் விரலைக் கடித்த கடி விடாமல் செத்துப்போகும் அந்தப் பக்கங்களைப் படிக்கையில் மொழி என்று ஒன்று குறுக்கே இருப்பதாகவே தோன்றாது.

ஆகவே கி.ரா.வின் குரலை ‘இயல்பு’ என்று சொல்வது அவரைப் புகழ்வது போலக் குறைத்துப் பேசுவதுதான். 1980களில் கரிசல் வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்த ஆள் அவர். சொற்களைத் தேடிச் சேர்த்து, பொருள் எழுதி, அடுக்கி வைத்தவருக்கு எந்தச் சொல்லை எங்கே இறக்க வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்? நிஜமாகவே ஒரு சம்சாரி பேசுவதைப் பதிவு செய்து எழுத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கம் தாங்காது. சொன்னதையே சொல்வார், பாதியில் விடுவார், கையால் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். கி.ரா.வின் கதைசொல்லி அப்படிப் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு வாக்கியம்கூட வீணாகாது.

எதிர்ப்பக்கம் அழகிரிசாமி. கற்றவர். கம்பனில் ஊறியவர், கம்பனை வைத்து ‘கவிச்சக்கரவர்த்தி’ என்று நாடகமே எழுதினார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தவர். கார்க்கியை மொழிபெயர்த்தவர். இத்தனையும் கைவசம் வைத்துக்கொண்டு, ஒரு வரியில்கூட அந்தப் படிப்பு தெரியாமல் எழுதினார். அவர் உரைநடையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. உவமை குறைவு, வட்டாரச் சொல் குறைவு, வாக்கியங்கள் பத்திரிகைச் செய்தியைப் போல நேராகப் போகும். சென்னையிலும் கோலாலம்பூரிலும் பத்திரிகை மேசையில் உட்கார்ந்து பல ஊர் வாசகர்களுக்கு எழுதியவருக்கு அது தொழில் கொடுத்த பழக்கம் என்று சொல்லலாம். பாதி உண்மை. மீதிப் பாதி ‘அன்பளிப்பு’ கதையில் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் புத்தகப் பிரியர் ஒருவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகளோடு கொஞ்சிப் பழகுகிறார், புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்தக் குழந்தைகளில் சாரங்கன் என்று ஒருவன். அவனையும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் அவன் எப்போதும் கொஞ்சம் தள்ளியே நிற்கிறான், அதை அவர் கவனிக்கவில்லை. மற்றவர்களுக்கு டைரி அன்பளிப்பாகப் போகிறது. அவனுக்கு இல்லை. ஒருநாள் அவன் அவரைத் தன் வீட்டுக்கு வற்புறுத்தி அழைத்துப் போகிறான், உபசரிக்கிறான். பிறகு தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தன் பெயரைப் போட்டு, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

கதை சொல்பவர் அந்தப் புத்தகப் பிரியர்தான். அவர் தன் அன்பைப் பற்றி, குழந்தைகளின் அன்பைப் பற்றி எவ்வளவோ சொல்லிக்கொண்டு வருகிறார். அவர் பார்க்கத் தவறியதும் அதே பக்கங்களில் நம் கண்முன் கிடக்கிறது. நாமும் தாண்டித்தான் போகிறோம். கடைசியில் டைரி நீட்டப்படும்போது, திரும்பிப் போய்ப் பார்த்தால் சாரங்கன் முதலிலிருந்தே அங்கே நின்றுகொண்டிருக்கிறான். இதற்கு வேண்டியது வழுக்கிக்கொண்டு போகிற உரைநடை. ஒரு சொல் துருத்திக்கொண்டு நின்றால்கூட வாசகன் நின்று கவனித்துவிடுவான், கதை கெட்டுவிடும். அழகிரிசாமி தன்னை அடக்கிக்கொண்டு எழுதினார் என்பது சரியில்லை. அவர் யாரென்பதே அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. யார் புறக்கணிக்கப்படுகிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய், அவர்களுக்கே தெரியாமல் நிற்கிற ஆள் அவர். ‘சுயரூப’த்தில் குலப்பெருமையைச் சுமந்துகொண்டு பசியோடு பலகாரக் கடை வாசலில் தவம் கிடக்கும் மனிதன் பக்கத்தில் நிற்கிறார். ‘இருவர் கண்ட ஒரே கனவு’ கதையில் தாயை இழந்த இரண்டு சிறுவர்கள் பக்கத்தில். எங்கே நிற்கிறார் என்பதை வைத்துத்தான் அவரை அடையாளம் காண முடியும். காது கேட்டுக் கண்டுபிடிக்கிற குரல் இல்லை அது.

மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ‘நாற்காலி’யைப் பொதுத்தமிழில், அழகிரிசாமியின் நேர்நடையில் எழுதினால் நல்லதொரு நகைச்சுவைத் துணுக்கு கிடைக்கும், அவ்வளவுதான். ‘அன்பளிப்பு’ கதையை கி.ரா.வின் கதைசொல்லியிடம் கொடுத்தால், முதல் பக்கத்திலேயே அவர் சாரங்கனைச் சுட்டிக்காட்டி, இந்தப் பயலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண்ணடித்துவிடுவார். கி.ரா.வுக்கு எதையும் மறைத்து வைக்கப் பிடிக்காது. ஊர்ப்பேச்சில் ரகசியம் நிற்காது. தனக்குத் தெரிந்ததைக் கேட்பவனோடு பங்கு போட்டுக்கொள்வதுதான் அவருக்குச் சந்தோஷம்.

இதிலிருந்து இருவருடைய பலவீனமும் தெரிந்துவிடுகிறது. பிற்காலத்து கி.ரா.வில் சில இடங்களில் சொல்கிறவர் பெரிதாகி, சொல்லப்படுகிறவர்கள் சின்னவர்களாகிவிடுகிறார்கள். ஒரு சொல்லின் ருசிக்காகவே ஒரு பத்தி நீள்கிறது. ரசிப்போம், மறுநாள் அந்த ஆள் யாரென்று நினைவு வராது. அழகிரிசாமி தோற்கிற இடம் நேர் எதிரானது. பத்திரிகையின் அவசரத்துக்கு எழுதித் தள்ளிய கதைகளில், அந்த நிற்கிற இடம் சரியாக அமையாதபோது, கைவசம் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. வெறும் தண்ணீர். கி.ரா.வின் சுமாரான கதையைக்கூடப் படித்து முடிக்கலாம், மொழி இழுத்துக்கொண்டு போய்விடும். அழகிரிசாமியின் சுமாரான கதைக்கு அந்தக் கைத்தாங்கல் கிடையாது.

செல்வாக்கு என்று பார்த்தால் சந்தேகமே இல்லை, கி.ரா.தான். பூமணி, கோணங்கி, சோ. தர்மன் என்று கரிசலிலிருந்து எழுதியவர்களின் வரிசையை அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. அவர்கள் தங்கள் வழியில் போனவர்கள். பூமணியின் இறுக்கத்துக்கும் கி.ரா.வின் இளக்கத்துக்கும் எத்தனையோ தூரம். அவர்களுக்குப் பிறகு வந்த போலிகளைத்தான் சொல்ல வேண்டும். கம்மாய், படப்பு, பருத்திமார் என்று நாலு சொல்லைத் தூவினால் கதை மண்வாசனையோடு வந்துவிடும் என்று நினைத்தவர்கள் எல்லா வட்டாரத்திலும் இருக்கிறார்கள். கி.ரா.விடமிருந்து எடுத்துக்கொள்ள வெளிப்படையாக ஏதோ இருந்ததால் வந்த வினை இது. அழகிரிசாமியைப் போலி செய்தவர் என்று எவரையும் காட்ட முடியவில்லை. எதை எடுப்பது? நேரான வாக்கியத்தையா? அது எல்லாரிடமும் இருக்கிறது.

அதனாலேயே அழகிரிசாமியின் பெயர் கொஞ்சம் மங்கி இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மேடையில் எழுந்து வாசித்தால் ‘நாற்காலி’ கூட்டத்தை உருட்டிவிடும். ‘அன்பளிப்பு’ மேடைக்கு ஆகாது. தனியாகப் படிக்க வேண்டிய கதை. தமிழில் பேர் நிலைப்பதற்கு மேடை எவ்வளவு உதவுகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரே தட்டில் வைத்து ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் அழகிரிசாமியின் பத்துக் கதைகளை எடுத்துக்கொள்வேன். கி.ரா.வை விட்டுக்கொடுக்க மனம் வராமல்தான் எடுத்துக்கொள்வேன்.

நண்பர்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். அழகிரிசாமி தனக்கு எழுதியவற்றை கி.ரா. பத்திரமாக வைத்திருந்து, பின்னர் புத்தகமாகவே கொண்டுவந்தார். நண்பரின் கதைகள் பத்திரிகைகளில் வருவதை ஊரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அவற்றைப் போலவே எழுத முயன்றிருந்தால் நமக்கு இன்னோர் அழகிரிசாமி கிடைத்திருப்பார், இரண்டாம் தரத்தில். 1970க்கான அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குக் கிடைத்தபோது அதை வாங்க ஆசிரியர் உயிரோடு இல்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் ‘கோபல்ல கிராமம்’ புத்தகமானது. கி.ரா.வின் ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்கு விருது வர 1991 ஆயிற்று. காவடிச் சிந்தின் பாடங்களைச் சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்த அந்தப் பதிப்பாசிரியரின் மேசைக்கு, கதைசொல்லியின் வாயிலேயே பேச்சுத்தமிழ் புரளும் ‘கோபல்ல கிராம’த்தின் கையெழுத்துப் பிரதி போயிருந்தால், இரண்டு சிநேகிதர்களுக்கும் ஒரு நல்ல சண்டை நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.